அண்ணியின் இரண்டாவது விண்ணப்பம்

என் அண்ணி மாதிரி ஒருவரை நீங்கள் வங்கியில் பார்த்திருப்பீர்கள். கடன் கேட்டுப் போனால், நீங்கள் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "இன்னும் ஒரு பேப்பர் வேணுமே" என்பாரே, அவரேதான். ஊரே திட்டும் வேலை. நானும் திட்டியிருக்கிறேன். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் முதலாளிக்கு அண்ணி ஒரு முறை கடன் மறுத்துவிட்டார். அதற்கப்புறம் பல நாள் கடையில் எல்லோருக்கும் டீ வரும், எனக்கு மட்டும் வராது.

வங்கியில் அவருக்கு வைத்திருந்த பெயர் 'பூட்டு'. அதற்குக் காரணம் உண்டு. கடன் கேட்டு வருபவரைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். வீட்டை ஏன் மாற்றினார், கூட்டாளி ஏன் விலகினார், போன வருடம் வியாபாரம் ஏன் படுத்தது என்று எந்தச் சந்தேகம் வந்தாலும் அடுத்த வரியிலேயே அதற்குப் பதில் இருக்க வேண்டும். பதில் கையில் இல்லையென்றால் அந்தக் கேள்வியையே எழுதக் கூடாது. எழுதினால் ஃபைல் திரும்பி வந்து மேசைமேல் விழும், அதோடு நாலு வசவும் விழும். அண்ணியின் ஃபைல் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அத்தனை கேள்விகளையும் இழுத்துப் பூட்டிவிட்டுத்தான் அனுப்புவார்.

அப்பேர்ப்பட்டவர் முப்பது வயதைத் தாண்டியபின் ஒரு நாள், சாப்பிடும்போது, நிதியியலில் முனைவர் பட்டம் படிக்கப் போவதாகச் சொன்னார். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க அடுக்குமாடிகளில் ஏறி இறங்கிவிட்டு வந்தவன், "எத்தனை வருஷம்?" என்று மட்டும் கேட்டான். என் அம்மா சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே அண்ணியைப் பார்த்தாள்.

"ஏம்மா, நல்லாத்தானே போயிட்டிருக்கு? கை நிறைய சம்பளம், உட்கார்ந்த இடத்துல வேலை. இனிமே பையைத் தூக்கிட்டு காலேஜுக்குப் போறதா?"

"படிக்கிறதுக்கு அவங்களே உதவித்தொகை குடுப்பாங்க, அத்தை. இடம் கிடைச்சா போதும்."

"கிடைக்கலன்னா?"

அண்ணி சிரித்தார். கிடைக்காமல் போகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை என்பதை நான் அன்றைக்குப் பார்த்தேன். அதற்காக அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கல்லூரியில் முதல் வகுப்பு, வங்கித் தேர்வில் முதல் பத்துக்குள், வேலையில் ஒரு கரும்புள்ளி கிடையாது. எனக்கு அதில் பாதி இருந்திருந்தால் நான் தரையில் நடந்திருக்க மாட்டேன்.

பத்துப் பன்னிரண்டு பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் மூன்று சிபாரிசுக் கடிதம் வேண்டும். அண்ணி கிளை மேலாளரிடம் ஒன்று வாங்கினார், மண்டல மேலாளரிடம் ஒன்று வாங்கினார், மூன்றாவதை எப்படியோ பிடித்துப் பொது மேலாளரிடமே வாங்கிவிட்டார். வங்கியில் கையெழுத்து எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறதோ அவ்வளவு கனம். அந்தப் பொது மேலாளர் அண்ணியை ஒரே ஒரு முறை, ஒரு கூட்டத்தில், தூரத்திலிருந்து பார்த்திருப்பார். அந்த ஒரு கடிதத்துக்காக அண்ணி லிஃப்ட் ஏறி இறங்கியது அண்ணனைவிட அதிகம் என்று நாங்கள் கேலி செய்தோம்.

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. வருந்துகிறோம். மிகவும் வருந்துகிறோம். இந்த ஆண்டு தகுதியானவர்கள் ஏராளமாக விண்ணப்பித்திருந்ததால் வருந்துகிறோம். ஆரம்பத்தில் அண்ணி எங்களிடம் படித்துக் காட்டினார். போகப் போகப் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். குழாயைத் திறந்துவிட்டு அழுதால் வெளியே கேட்காது என்று நினைத்திருக்கிறார். எங்கள் வீட்டுக் கதவெல்லாம் அட்டைக் கதவு. எல்லாம் கேட்டது. அம்மாகூட அந்தச் சமயத்தில் பாத்திரத்தை உருட்டாமல் இருந்தாள்.

கடைசி மறுப்பும் வந்தபிறகு அண்ணி சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "தள்ளினது பரவாயில்ல. ஏன் தள்ளினாங்கன்னு போடலையே. நாங்க ஒரு பெட்டிக்கடைக்காரருக்குக் கடன் இல்லன்னு சொன்னாக்கூட ரெண்டு வரி காரணம் எழுதிக் குடுப்போம்."

அதோடு விடவில்லை. எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் காரணம் கேட்டு எழுதினார். வங்கிக்காரரைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு காரியம் செய்யத் தோன்றாது. யாரும் கண்டுகொள்ளவில்லை. எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து மட்டும் ஒரு உதவிப் பேராசிரியர், எழுத்தில் ஒன்றும் சொல்ல முடியாது, நேரில் வந்தால் டீ குடித்துக்கொண்டே பொதுவாகப் பேசலாம் என்று பதில் போட்டிருந்தார்.

அன்றைக்கு எனக்கு வார விடுமுறை. நானும் கூடப் போனேன். டீ குடிக்க இல்லை, சண்டை போட. என் அண்ணியை அழவைத்தவர்களில் ஒருத்தராவது என் கையில் கிடைக்கட்டும் என்றிருந்தேன். கேன்டீனில் தோளில் பையோடு ஒரு சின்னப் பெண் வந்து நின்றாள். வகுப்புக்கு நேரமாகிவிட்ட மாணவி என்று நினைத்து நாற்காலியை நகர்த்தி வழிவிட்டேன். அவர்தான் பேராசிரியராம். அண்ணியைவிட ஐந்தாறு வயது சின்னவர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் பெயர் குட்டி மேடம். அண்ணி அவரை மேடம் என்பார், அவர் அண்ணியை மேடம் என்பார். இரண்டு மேடங்களுக்கு நடுவில் நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு யாரெல்லாம் சிபாரிசு எழுதினாங்க, மேடம்?"

அண்ணி பதவிகளைச் சொன்னார். பொது மேலாளர் என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

"அவருக்கு உங்களை எவ்வளவு நாளாத் தெரியும்?"

அண்ணி டீயில் இல்லாத ஆடையை விரலால் எடுக்கத் தொடங்கினார்.

"நீங்க நேரத்துக்கு வருவீங்க, நேர்மையானவங்க, மேலதிகாரி சொன்னதைச் செய்வீங்கன்னு எழுதியிருப்பாங்க. தப்பில்ல. ஆனா எங்களுக்கு அது உதவாது. நீங்க ஒரு விஷயத்தைத் தோண்டும்போது கூட இருந்து பார்த்தவங்க எழுதணும். அப்புறம் கணக்கு. கல்லூரியில படிச்ச கணக்கு பத்தாது. தேற்றம், நிரூபணம்னு போகும். அதுல ஒரு மார்க்காவது உங்க பேர்ல இருக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. "இதையெல்லாம் முன்னாடியே போர்டுல எழுதி மாட்டினா என்னங்க?" என்றேன். அண்ணி மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

குட்டி மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. "மாட்டணும்தான்" என்றார். பிறகு அண்ணியிடம், "சரி, இவ்வளவு நல்ல வேலையை விட்டுட்டு இதுக்கு ஏன் வரணும்னு நினைச்சீங்க?" என்று கேட்டார்.

அண்ணி முதலில் எழுதி அனுப்பிய கட்டுரையையே ஒப்பித்தார். பொருளாதார வளர்ச்சியில் நிதித்துறையின் பங்கு, அது இது. கேட்ட எனக்கே கொட்டாவி வந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, டீக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு வேறு ஒன்றைச் சொன்னார். நான்கூட அதைக் கேட்டதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண் சலவைக் கடை போடக் கடன் கேட்டு வந்திருக்கிறாள். கொஞ்ச காலத்துக்குள் மூன்று வீடு மாறியவள். அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்குக் கடன் கிடையாது என்பது வங்கி விதி. அண்ணி தள்ளிவிட்டார். சில வருடம் கழித்து வேறு ஒரு தெருவில் நடந்து போகும்போது ஒரு சலவைக் கடை. உள்ளே நீராவி, வெளியே வரிசை, கல்லாவில் அதே பெண். வேறு எங்கோ கடன் வாங்கிக் கடை போட்டு, கடனையும் அடைத்துவிட்டாளாம். அவளுக்கு அண்ணியை அடையாளம் தெரியவில்லை. அண்ணி தன் துப்பட்டாவைக் கழற்றித் துவைக்கக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார், அங்கே நிற்க ஒரு காரணம் வேண்டுமே என்று.

"நாங்க கடன் குடுத்தவங்க திருப்பிக் கட்டுறாங்களான்னு மட்டும்தான் பார்க்கிறோம். கட்டினா, பார்த்தியா, நம்ம விதி சரின்னு சொல்லிக்கிறோம். தள்ளிவிட்டவங்க என்ன ஆனாங்கன்னு யாரும் பார்க்கிறதில்ல. அப்போ விதி சரியா தப்பான்னு எப்படித் தெரியும்? எங்க மேலாளர்கிட்ட கேட்டேன். தள்ளினது தள்ளினதுதான், வேலையைப் பாரும்மான்னுட்டாரு."

குட்டி மேடம் டீயை மறந்துவிட்டார். "இதை ஏன் நீங்க எழுதல?"

"இதுக்குப் பதில் என்கிட்ட இல்லையே, மேடம்" என்றார் அண்ணி. பதில் இல்லாத கேள்வியை ஒரு தாளில் எழுதி மேலே அனுப்பலாம் என்பது அவருடைய கனவிலும் வந்திருக்காது. குட்டி மேடம் சிரிக்கத் தொடங்கி, அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் கொண்டுபோன சண்டையை அப்படியே திருப்பி எடுத்து வந்தேன்.

அதன்பிறகு வீட்டில் கணக்குப் பாடம் தொடங்கியது. வேலை முடிந்து மாலை வகுப்பு. கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் இருபது வயது. அண்ணியை ஆன்ட்டி என்று கூப்பிட்டார்கள். முதல் தேர்வில் அண்ணி ஃபெயில். விடை என்னவோ எல்லாம் சரி. அது ஏன் சரி என்று நிரூபித்திருக்கவில்லை. "விதி இருக்குன்னா பயன்படுத்தத்தானே வேணும்? அதையே ஏன் சந்தேகப்படணும்?" என்று புலம்பியபடி சமையலறைப் பலகையில் தாளை வைத்துக்கொண்டு எழுதி எழுதிக் கிழித்தார். அண்ணன் பாத்திரம் தேய்த்தான். அம்மா அதைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். கடைசித் தேர்வில் அண்ணி வகுப்பிலேயே முதலாவதாக வந்தார் என்று எழுத எனக்கு ஆசைதான். வரவில்லை. நடுவில் எங்கோ வந்தார். ஆனால் அதற்கு அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

வகுப்பு முடிந்த சமயத்தில் இரண்டு சேதி ஒன்றாக வந்தன. வங்கியில் அண்ணிக்குக் கிளை மேலாளர் பதவி உயர்வு. பல்கலைக்கழகத்தில், கடன் கிடைக்காமல் தள்ளிவிடப்பட்டவர்களைப் பற்றி ஒரு ஆய்வு தொடங்கியிருந்தார் குட்டி மேடம். அதற்கு முழுநேர உதவியாளர் வேலை. இரண்டு வருடம்தான், சம்பளம் பாதிகூட இல்லை, முடிந்தபிறகு முனைவர் படிப்புக்கு இடம் கிடைக்கும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

அம்மா ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தாள். "மேலாளர் நாற்காலியை வேணாம்னுட்டு ஒரு சின்னப் பொண்ணுக்குக் கீழ உதவியாளரா? இதுக்கா இவ்வளவு வருஷம் ஓடினே?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நீ ஏதாவது சொல்லித் தொலையேன், அண்ணா! நடுவழியில நின்ன லிஃப்ட் மாதிரி உட்கார்ந்திருக்கியே!"

"நான் என்ன சொல்றது? கிடைக்காம போனா இவ தாங்குவாளான்னுதான் பார்க்கிறேன். போன தடவை குளியலறையில..." என்று இழுத்தான்.

அண்ணி அவனைப் பார்த்தார். தான் அழுதது வீட்டுக்கே தெரியும் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. "கேட்டுச்சா?" என்றார். "கேட்டுது" என்றான். பிறகு அண்ணி, "மறுபடி தள்ளினா மறுபடி அழுவேன். ஆனா மேலாளர் நாற்காலியில உட்கார்ந்து அதே விதியை வச்சு இன்னும் இருபது வருஷம் ஆளுங்களைத் தள்ளிட்டே இருக்க என்னால முடியாது" என்றார். அடுத்த வாரம் ராஜினாமா கொடுத்தார். அம்மா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சேதியெல்லாம் என் வழியாகத்தான் போய் வரும். "உப்புப் போதுமான்னு உங்க அண்ணிகிட்ட கேளு" என்பாள், அண்ணி பக்கத்திலேயே நிற்கும்போது.

அந்த இரண்டு வருடம் அண்ணி செய்த வேலை மேலோட்டமாக எனக்குப் புரிந்தது இதுதான். பெயரெல்லாம் நீக்கிய வங்கித் தகவல்களை அனுமதி வாங்கி எடுத்து, ஓரிடத்தில் மறுக்கப்பட்டவர்கள் வேறிடத்தில் கடன் வாங்கினார்களா, வாங்கியவர்கள் கட்டினார்களா என்று தேடினார்கள். வீடு மாறியதற்காகத் தள்ளப்பட்டவர்கள் மற்றவர்களைப் போலவே ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள். அது தெரிந்த அன்றைக்கு அண்ணி வீட்டுக்கு வந்து சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். "எத்தனை பேரைத் தள்ளியிருப்பேன்" என்று ஒரு தடவை சொன்னார், அவ்வளவுதான். அன்றைக்கு அவருக்குச் சாப்பாட்டை மூடி எடுத்து வைத்தது நானில்லை, அம்மா. ஆனால் பேசவில்லை.

இரண்டாவது விண்ணப்பம் அனுப்பும் காலம் வந்தது. இந்த முறை கட்டுரையில் சலவைக் கடைதான் முதல் வரி. பொது மேலாளர் கிடையாது. குட்டி மேடமும் கணக்கு வாத்தியாரும் ஆய்வில் கூட இருந்த இன்னொருவரும் எழுதினார்கள். "நீங்க முதல் பரீட்சையில ஃபெயில் ஆனதையும் எழுதறேன், அப்புறம் என்ன பண்ணீங்கன்னும் எழுதறேன்" என்று கணக்கு வாத்தியார் சொல்லிவிட்டாராம். வங்கியில் அப்படி ஒரு வரி இருந்தால் ஃபைல் குப்பைக்குத்தான் போகும்.

மறுபடியும் வருந்தத் தொடங்கினார்கள். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு ஒரே வாரத்தில் நாலு. எனக்கு அந்தப் பல்கலைக்கழகங்களின் பெயரைக் கேட்டாலே எரிந்தது. அண்ணி இந்தத் தடவை குளியலறைக்குள் போகவில்லை, கூடத்திலேயே உட்கார்ந்து அழுதார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். பிறகு, தூரத்து ஊர் ஒன்றிலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டு ஒரு கடிதம் வந்தது. கணினி வழியாக, ஒரு காலை நேரம். மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான்.

படுக்கையறையில் அலமாரிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மின்விசிறி சத்தம் போடும் என்று நிறுத்திவிட்டோம். நானும் அண்ணனும் வெளியே கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றோம். சம்பந்தமே இல்லாதவள் போல அம்மா அங்கேயே உட்கார்ந்து துணி மடித்தாள். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. அண்ணி சரளமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அப்புறம் ஒரு பெண் குரல் கேட்டது. "நீங்க பார்த்தது வேற இடத்துல கடன் கிடைச்சவங்களை. அவங்ககிட்ட ஏதோ நல்லதைப் பார்த்துத்தானே அந்த இன்னொரு இடம் குடுத்திருக்கும்? எங்கேயுமே கிடைக்காதவங்க இருக்காங்களே, அவங்க கட்டியிருப்பாங்களா, மாட்டாங்களா?"

உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அண்ணிக்கு ஒரு பதிலைச் செய்து அடுத்த வரியில் வைத்துப் பூட்ட எவ்வளவு நேரமாகும்? வாழ்க்கை முழுக்க அதைத்தானே செய்தார்.

"எனக்குத் தெரியாது" என்றார் அண்ணி. "எங்ககிட்ட இருக்கிற தகவலை வச்சு அதைச் சொல்ல முடியாது. சொன்னா பொய்யாயிடும். அதைத் தெரிஞ்சுக்கத்தான் நான் வரணும்னு கேட்கிறேன். எப்படித் தெரிஞ்சுக்கிறதுன்னும் இன்னும் முழுசாத் தெரியல."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். நேர்காணல் சீக்கிரமே முடிந்தது. அண்ணி வெளியே வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மாதான் எழுந்தாள். ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து நேரடியாகப் பேசினாள். "வியர்த்துக் கொட்டுது பாரு, முதல்ல அந்த ஃபேனைப் போடு. போனா போகட்டும். அடுத்த வருஷமும் போடு. அதுக்கும் தள்ளினா அதுக்கடுத்த வருஷம். நீ என்ன வயசாயி மூலையில உட்கார்ந்தவளா?"

அண்ணி அம்மாவைப் பார்த்து, "அத்தை" என்றார். அம்மா அந்தத் துண்டை எடுத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை இங்கே மறைப்பானேன்.

சில வாரம் கழித்து, நாங்கள் எல்லோரும் வீட்டில் இருந்த ஒரு மத்தியானம், போன் வந்தது. கேள்வி கேட்ட அதே பெண் குரல். அண்ணி போனை மேசைமேல் வைத்து எல்லோரும் கேட்கிற மாதிரி போட்டார்.

"உங்களுக்கு இடம் குடுக்கிறோம், உதவித்தொகையோட. கடிதம் பின்னால வரும். நானே முதல்ல சொல்லணும்னு கூப்பிட்டேன். அந்தக் கேள்வியை எல்லார்கிட்டயும் ஏதாவது ஒரு வடிவத்துல கேட்கிறேன். எல்லாரும் பதில் சொன்னாங்க. அதுக்குப் பதில் யார்கிட்டயும் இல்ல, என்கிட்டயும் இல்ல. நான் அதோட பத்து வருஷமா மல்லுக்கட்டிட்டிருக்கேன். நீங்க வந்தா ரெண்டு பேராப் பார்க்கலாம்."

அண்ணி "வர்றேன்" என்றார். ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று காரணம் கேட்கவில்லை. போனை வைத்ததும் அண்ணன், "எல்லா ஊர்லயும் லிஃப்ட் மேலயும் கீழயும்தான் போகுது, எனக்கு அங்கயும் வேலை கிடைக்கும்" என்றான். எவ்வளவு நாளாக யோசித்து வைத்திருந்தானோ.

அம்மா மட்டும் நம்பாமல் நின்றாள். "தெரியாதுன்னு சொன்னதுக்கா இடம் குடுத்தாங்க? அப்படின்னா நான் எப்பவோ டாக்டர் பட்டம் வாங்கியிருக்கணுமே. எனக்கு எவ்வளவு தெரியாது!"

அண்ணி சிரித்துச் சிரித்து, சிரிப்பு அழுகையாகி, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவும் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்குப் புரியற மாதிரி சொல்லு, எங்கேயுமே கிடைக்காதவங்களை எப்படித்தான் கண்டுபிடிப்பே?" என்று கேட்டாள்.